இன்னும் அளவு வரவில்லை

உங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற கற்சுவர் நல்ல சுவர், மேடம். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே பார்த்தேன். யார் கட்டினார்களோ, கூலிக்கு மாரடிக்காமல் கட்டியிருக்கிறார்கள். வரிசையாகக் குழாய்கள் விட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. பார்ப்பவர்களுக்குப் பாசி பிடித்து அசிங்கமாகத் தெரியும். எனக்கு அதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது.

மலையில் ஒரு சுவர் சரிந்தால் மண் தள்ளிவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். மண் பாவம், அது பாட்டுக்குக் கிடக்கும். தள்ளுவது மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர். வெளியே போக அதற்கு ஒரு வழி விட்டுவிட்டால் அரதப்பழசான சுவர்கூட நின்றுவிடும். அதற்குத்தான் அந்தக் குழாய்கள். எங்கள் படிப்பில் இது பாலபாடம்.

என்னை எதற்கு வரச்சொன்னீர்கள் என்று தெரியும். எஸ்டேட் லைனில் விழுந்த சுவரின் இடிபாட்டில் கிடைத்த குழாய்த் துண்டுக்குள் சாம்பல் நிறத்தில் களிமண் இருக்கிறது, அது இந்த மலை மண்தானா என்று கேட்க வரச்சொன்னீர்கள். அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தது என் ஜூனியர் ஜீவா. கெட்டிக்காரன். ஆய்வுக் கட்டுரைக்குப் படம் எடுத்து வரச்சொல்லி நான்தான் அனுப்பினேன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

என் பெயர் ஷீனா. நான் இந்த மலைப் பெண்தான். கிளியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கூலியாட்களுக்குக் கட்டிவிட்ட லைன் வீட்டில் பிறந்தேன். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா தெரசம்மாள் காபிப் பழம் பறித்துத்தான் என்னை சிவில் இன்ஜினியரிங் படிக்கவைத்தாள். அதற்குமேல் ஒரு பட்டம், அதற்கும்மேல் கீழே ஒரு கல்லூரியில் பிஎச்.டி. எந்தச் சரிவு எப்போது இடியும் என்று முன்கூட்டியே சொல்லி, அங்கே இருப்பவர்களைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் என் ஆய்வு. கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அதற்கு நான் எடுத்துக்கொண்ட இடம் மாரமங்கலம் போகிற வழியில் இருக்கிற அந்த லைன். ஒட்டினாற்போல் ஆறு வீடுகள். வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கற்சுவர், அதிலும் இதே மாதிரிக் குழாய்கள். சுவருக்கு மேலே காபித் தோட்டம். தோட்டத்துக்கு நடுவே ஒரு கருவியைப் புதைத்திருந்தேன். மண்ணுக்குள் தண்ணீரின் அழுத்தம் ஏற ஏற, அந்த அளவை அது என் செல்போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்த அளவில் சரிவு விழும் என்பதை மண்ணைச் சோதித்து, கணக்குப் போட்டு, அங்கே ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன். அளவு கோட்டைத் தொட்டதும் கீழே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டும். அவர்கள் வெளியேற வேண்டும். அதற்குப் பிறகுதான் சரிவு விழ வேண்டும். இவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு.

கருவிப் பெட்டியின் சாவி கலாவிடம் இருந்தது. லைனில் கடைசி வீடு அவளுடையது. கணவன் முருகன் ஜீப் ஓட்டுகிறவன். மகள் மலர் பள்ளிக்கூடம் போகிறாள். மாமியார் அத்தாயி இடுப்பு உடைந்து கட்டிலோடு கிடந்தாள். பெட்டியைப் பார்த்துக்கொள் என்று நான் கலாவிடம் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சோலார் பலகையைத் தினமும் துடைத்துவைப்பாள். இடி இடித்தால் உடனே போன் வரும்.

“ஏனுங்க டாக்டரக்கா, பொட்டியில பச்ச லைட்டு எரியலீங்க. எனக்கு மனசே சரியில்லீங்க.”

டாக்டரக்கா என்றுதான் கூப்பிடுவாள். இன்னும் டாக்டர் ஆகவில்லை கலா என்றால், “அதெல்லாம் ஆயிருவீங்க, நா கூப்புடறனில்லீங்க” என்று சிரிப்பாள். நான் டாக்டர் ஆவேன் என்று உலகத்தில் முழுசாக நம்பியது அவள் ஒருத்திதான். அம்மாகூட அந்த நம்பிக்கையை விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், “ஏம்மா, உம் புள்ள இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்குதா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவள் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்துவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், சரிவு விழவே இல்லை. முதல் வருஷம் மழை குறைவு. அடுத்த வருஷம் நல்ல மழை, ஆனால் விட்டு விட்டுப் பெய்தது. அதற்கடுத்த வருஷம் கொரோனா வந்து என்னை மலைக்கே விடவில்லை. பிறகு வந்த மழைகளில் மலையில் வேறு எங்கெங்கோ மண் சரிந்தது. ரோடு போனது, மரம் போனது. என் சரிவு மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே வரைதான் அளவு ஏறும், குழாய்களில் தண்ணீர் கொட்டும், அளவு இறங்கிவிடும். மழை ஓய்ந்த மறுநாள் லைனில் எல்லாரும் நன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு அழுகை வந்திருக்கிறது. அந்த அழுகை எதற்கு என்று நீங்கள் அப்போது கேட்டிருந்தால் சந்தோஷத்தில் என்று சொல்லியிருப்பேன்.

என் கைடு பேராசிரியர் சந்திரசேகர் நல்ல மனிதர். அவரை இதில் இழுக்காதீர்கள். போன கோடையில் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆய்வேடு போன முறை திரும்பி வந்த கதைதான் பேச்சு. உங்கள் முறை உண்மையில் விழுந்த ஒரு சரிவை முன்கூட்டியே சொல்லியிருக்கிறதா என்று தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தார்.

“விழாத சரிவை வெச்சுக்கிட்டு என்னம்மா நிரூபிக்கறது? உன் பிஎச்.டி. பதிவு இந்த வருஷத்தோட முடியுது. இதுக்கு மேல நீட்டிக்க என் கையில ஒண்ணும் இல்ல.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் விடுதி அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் எங்கெங்கோ வேலையில் இருந்தார்கள். எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. மறுபடி எஸ்டேட் லைனுக்குப் போய், அம்மா பக்கத்தில் நின்று பழம் பறிக்க வேண்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை என்று வாய் சொல்லும். மனசு ஒப்பவில்லை. சாவதற்குக்கூட யோசித்தேன், மேடம். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் குழாய்களின் ஞாபகம் வந்தது. இப்படி யோசித்துப் பாருங்கள். அந்த லைன் என்றைக்கானாலும் விழப்போகிற லைன். எல்லாரும் தூங்குகிற நேரத்தில், யாருக்கும் தெரியாமல் விழுவதைவிட, கருவி இருக்கும்போது, நான் இருக்கும்போது, எல்லாரும் வெளியேறிய பிறகு விழுந்தால் நல்லதுதானே. வீடு போனவர்களுக்கு அரசாங்கம் வேறு வீடு கட்டிக்கொடுக்கும். கலாவுக்கு ஒழுகாத கூரை கிடைக்கும். என் முறை நிரூபணமாகும். அதை மலை முழுக்க வைத்தால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். இதில் யாருக்கு நஷ்டம்? நான் எந்தப் பக்கமிருந்து கணக்குப் போட்டாலும் சரியாகத்தான் வந்தது.

அந்தக் களிமண் இந்த மலை மண் இல்லை. அதன் பெயர் பெண்டோனைட். மண்ணுக்குள் கருவியை இறக்கிய பிறகு குழியின் வாயை அடைக்க நாங்கள் பயன்படுத்துவது. காய்ந்த உருண்டையாக இருக்கும். தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்து இறுக்கிக்கொள்ளும், ஒரு சொட்டு கசியாது. என் சாமான்களில் ஒரு மூட்டை மிச்சம் இருந்தது. புரட்டாசியில் நாலைந்து தடவை போய், பட்டப்பகலில், சுவரின் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கம்பியால் குத்தி அடைத்தேன். ஒளிந்து செய்யவில்லை. கலா டீ கொண்டுவந்தாள்.

“என்னங்கக்கா பண்றீங்க?”

“எலி போகுது கலா. உள்ள போயி ஒயரக் கடிச்சிருது.”

“அட ஆமாங்க, இந்த ஊட்டுப் பக்கம் எலி நொம்ப ஜாஸ்திங்க. குடுங்க, நானும் புடிக்கறேன்.”

பிறகு களிமண் உருண்டைகள் இருந்த சட்டியை அவள்தான் பிடித்துக்கொண்டாள். எட்டாத குழாய்களுக்கு அவளே ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். கடைசி இரண்டு குழாய்களை அடைத்ததே அவள்தான். நன்றாக இறுக்கியிருக்கிறேனா பாருங்கக்கா என்று கேட்டாள். பார்த்தேன். நன்றாகத்தான் அடைத்திருந்தாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. அன்று காலை நான் லைனுக்கு எதிர்ப் பக்கத்து வளைவில், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே குடையோடு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ஆறு வீடுகளும் சுவரும் தெரியும், மூடுபனி விலகும்போது. செல்போனில் அளவு ஏறிக்கொண்டிருந்தது. ஏழு வருஷத்தில் அந்த உயரத்துக்கு அது ஏறி நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

பனி ஒருமுறை விலகியபோது சுவரைப் பார்த்தேன். நடுவில் வயிறு தள்ளியிருந்தது. கற்களுக்கு நடுவில் கறுப்பாகக் கோடுகள். செல்போனைப் பார்த்தேன். அளவு சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். என் கருவி இருந்தது மேலே, காபிச் செடிகளுக்கு நடுவில். குழாய்களை அடைத்ததால் தண்ணீர் தேங்கியது கீழே, சுவரை ஒட்டி. கீழே எப்போதோ அளவு மிஞ்சிவிட்டது, மேலே இருந்த கருவிக்கு அது தெரியவில்லை. குழாய்கள் திறந்திருக்கிற சரிவுக்காகப் போட்ட கோடு அது. குழாய்களை அடைத்த சரிவுக்கு அது பொருந்தாது. முதல் வருஷ மாணவி இந்தத் தப்பைச் செய்தால் நானே திட்டியிருப்பேன்.

சுவர் வயிறு தள்ளியதைப் பார்த்த பிறகும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அப்போது எச்சரித்தது என் கண்ணாக இருந்திருக்கும், என் முறையாக இருந்திருக்காது. கண்ணால் பார்த்துச் சொல்வதற்குப் பட்டம் எதற்கு? கோட்டைத் தொடுவதற்கு முன்னால் நான் வாயைத் திறந்தால் சோதனை கெட்டுப்போகும். அதற்குப் பிறகு சுவர் விழுந்தாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை. அந்த மாதிரி ஒரு மழைக்கு நான் ஏழு வருஷம் காத்திருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கலா பேசினாள். அந்த அழைப்பு உங்களிடம் பதிவில் இருக்கும், என்ன பேசினோம் என்பது இருக்காது. அதைச் சொல்கிறேன்.

“அக்கா, செவுத்துல ஒரு சொட்டுத் தண்ணி வரலீங்க. எந்த மழைக்கும் இப்படி இருந்ததில்லீங்க. கல்லுக்குள்ள மொடக்கு மொடக்குன்னு சத்தம் கேக்குதுங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய போயரட்டுங்களா?”

“இன்னும் அளவு வரல கலா. வந்ததும் நானே போன் பண்றேன்.”

போனில் அவளுக்குப் பின்னால் மலர் எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தது.

“நெசமாத்தானுங்கக்கா? அத்தையத் தூக்கோணும், அதுக்கே நேரமாகுமுங்க. அதான் கேக்கறேன்.”

“நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் கலா. பயப்படாத.”

“சரிங்கக்கா. நீங்க சொன்னாச் சரிதானுங்க.”

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் பொய் இல்லை. அளவு கோட்டைத் தொட்டதும், ஒரு நொடி தாமதிக்காமல், கலாவைக் கூப்பிட்டேன். வெளியே போ என்று ஒரே வார்த்தைதான் சொன்னேன். மறுகேள்வி கேட்காமல் மலரை ரோட்டுக்குத் தள்ளிவிட்டு, மழையில் ஓடி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் அடித்துக் கத்தினாள். எல்லாரும் ரோட்டுக்கு வந்தார்கள். அவளும் வந்தாள். வந்தவள் எதிர் வளைவைப் பார்த்தாள். என் குடை அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு அத்தாயியைத் தூக்க உள்ளே திரும்பிப் போனாள். முருகன் அப்போது சேலத்தில் ஜீப்போடு இருந்தான். இன்னொரு ஆள் பின்னாலேயே ஓடினான், அவன் வாசலை எட்டுவதற்குள் சுவர் வந்துவிட்டது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மண்லாரி கொட்டுகிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது பேப்பரில் வந்திருக்கிறது. மலைப் பெண்ணின் கருவி உயிர்களைக் காத்தது என்று போட்டோவோடு போட்டார்கள். கைடு போன் செய்து, “வேலிடேஷன் கெடச்சிருச்சும்மா, உன் முறை நிரூபணமாயிருச்சு” என்றார். பிறகு, “பாவம் அந்தப் பொண்ணு” என்றார். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து முருகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பை கமலா ஆரஞ்சு. மலரும் வந்திருந்தது.

“நீங்க போன் பண்ணாட்டி எம் புள்ளையும் போயிருக்குமுங்க. அவ எப்பவும் சொல்லுவாங்க, டாக்டரக்கா இருக்கற வரைக்கும் நமக்குப் பயமில்லைன்னு.” மலரின் தலையைத் தடவினான். “அக்கா கால்ல உழுந்துக்க சாமி.”

அந்தக் குழந்தை விழுந்தது. அதன் கை என் பாதத்தில் பட்டபோது நான் காலை இழுத்துக்கொண்டேன். முருகன் அதைப் பணிவு என்று நினைத்திருப்பான். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜீவா களிமண்ணைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தபோது, உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது.

ஆட்கள் அடிபட வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. பகல் நேரம், எல்லாரும் தோட்டத்தில் பறிப்புக்குப் போயிருப்பார்கள், குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும், லைனில் ஒன்றிரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள், சொன்னால் வந்துவிடுவார்கள் என்றுதான் என் கணக்கு. சுவர் விழுகிற அளவுக்கு மழை பெய்தால் பறிப்பும் இருக்காது, பள்ளிக்கூடமும் இருக்காது என்பதை மறந்துவிட்டேன். இத்தனை வருஷமாக மழை எனக்கு மில்லிமீட்டராகத்தான் இருந்தது. அது மனிதர்களை வீட்டுக்குள் உட்காரவைக்கும் என்பது என் கணக்கில் இல்லை.

உங்கள் எழுத்தர் அதை எழுதிக்கொண்டிருக்கிறார். வேண்டாம், அடித்துவிடச் சொல்லுங்கள். நான் லைனில் பிறந்தவள். மழை பிடித்தால் அம்மா வேலைக்குப் போகமாட்டாள், அடுப்படியில் எல்லாரும் ஒண்டிக்கொண்டு கிடப்போம். அதை எப்படி மறப்பேன்? அன்று காலை பள்ளிகளுக்கு விடுமுறை என்று செல்போனில் செய்தி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். “இன்னைக்கு ஒருத்தரும் வேலைக்குப் போகமாட்டாங்க கண்ணு, நீயும் ஊட்டுலயே இரு” என்று அம்மா சொன்னாள். நல்லதாய்ப் போயிற்று, எல்லாரும் லைனில்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

யாரும் இல்லாத வீடுகளுக்கு எச்சரிக்கை கொடுத்தால் அதை எச்சரிக்கை என்று எந்தத் தேர்வாளர் ஒப்புக்கொள்வார்? என் ஆய்வின் தலைப்பிலேயே உயிர் காத்தல் என்று இருக்கிறது. காக்க வேண்டுமென்றால் உள்ளே உயிர்கள் இருக்க வேண்டும். அதனால்தான் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். கலாவை உள்ளேயே இருக்கச் சொன்னதும் அதனால்தான்.

இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று, மேடம். ஆறு வீட்டு ஆட்களில் இரண்டு பேர்தான் போனார்கள். மீதி அத்தனை பேரையும் காப்பாற்றியது நான்தான். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.